பீரோவில் இருக்கும் கல்யாணம்

2000க்குப் பிறகு கல்யாணம் நடந்த வீடுகளில் பீரோவைத் திறந்தால், வீட்டுப் பத்திரம், ஜாதகம், நகைக்கடை ரசீது இவற்றோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் இருக்கும். மேலே மணமக்கள் படம், ஓரத்தில் ரோஜாப்பூ, தங்க நிற எழுத்தில் பெயர்கள், தேதி, மண்டபத்தின் பெயர். உள்ளே இரண்டோ மூன்றோ டிவிடி. அதற்கு முந்தைய தலைமுறையின் கல்யாணக் கேசட்டையும் யாராவது ஒருவர் கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி அதே இடத்தில் வைத்திருப்பார். எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்கத்தான் வீட்டில் எதுவும் இல்லை.

டிவிடி பிளேயர் பழுதாகி, பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8இலேயே டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஆப்பிளின் ரெட்டினா மேக்புக் ப்ரோ, டிவிடி டிரைவே இல்லாமல் வெளிவந்தது. பிற நிறுவனங்களின் மடிக்கணினிகளிலும் படிப்படியாக அது காணாமல் போனது. வெற்று டிவிடிக்குப் பெயர்பெற்று, உலகின் பெரிய வட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்றாக இருந்த மோசர் பேயர் நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போனது. கேசட்டுக்கு என்ன நடந்தது என்பதும் கண்முன் இருக்கிறது. வீஎச்எஸ் பிளேயரைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்தியது. அதற்குள் மாற்றாதவர்கள் இன்று ஓடும் நிலையில் ஒரு பிளேயரைத் தேடி ஊர் ஊராக விசாரிக்கிறார்கள்.

டிவிடிக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் சில ஆயிரம் ரூபாய்க்குப் புதிதாகவே கிடைக்கிறது. தேவையான மென்பொருள்களில் பெரும்பாலானவை இலவசம். ஐந்தாறு வருடப் பழைய கணினியே இந்த வேலைக்குப் போதும். செய்து முடிக்க இதைவிடத் தோதான காலம் இனி வராது. ஆனால் செய்கிற முறையில் ஒரு வரிசை உண்டு. வட்டில் உள்ளதை அப்படியே நகலெடுத்துப் பத்திரப்படுத்துவது முதல் வேலை. வெட்டுவதும் ஒட்டுவதும் மெருகேற்றுவதும் அதற்குப் பிறகுதான், அதுவும் நகலின் மேல்தான். பல வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. இழப்பும் அங்கேதான் நேர்கிறது.

கடையில் வாங்கும் சினிமா டிவிடியும் ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த டிவிடியும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு. சினிமா டிவிடி ஆலையில் அச்சிடப்படுவது. தகவல் அதில் பிளாஸ்டிக்கில் அழுந்திய நுண்ணிய குழிகளாக இருக்கிறது. ஸ்டுடியோ டிவிடியில் இருப்பதோ ஒரு சாயப் படலம். எழுதும் கருவியின் லேசர் அந்தச் சாயத்தை இடையிடையே சுட்டு நிறம் மாற்றுகிறது. அந்த நிறமாற்றம்தான் கல்யாணம். வட்டைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், ஊதா படர்ந்த அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து ஒரு வளையம் மட்டும் சற்று வேறு நிறத்தில் தெரியும். எழுதப்பட்ட பகுதி அதுதான். அந்த வளையம் முடிகிற கோட்டுக்கு வெளியே இருப்பது வெற்றுச் சாயம்.

அந்தச் சாயம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஆகாது. நம் ஊர்களில் மூன்றுமே உண்டு. டிவிடி நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி எழுதப்படுவது. கை படுவதும் கீறல் விழுவதும் பெரும்பாலும் ஓரத்தில். மேல் தகடும் கீழ்த் தகடும் ஒட்டியிருக்கும் விளிம்பும் அங்கேதான். நிச்சயதார்த்தம் நன்றாக ஓடி, முகூர்த்தமும் ஓடி, மறுவீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மறுவீடு வட்டின் ஓரத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் தேசிய தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் வட்டுகளைப் பேணுவதற்கு ஒரு கையேடு வெளியிட்டது. வட்டை வளைக்காதீர்கள், ஓரத்தையும் நடுத்துளையையும் மட்டும் பிடித்து எடுங்கள், ஒட்டும் லேபிள் ஒட்டாதீர்கள், புத்தகம் அடுக்குவதுபோல் நிற்க வையுங்கள் என்று அது சொல்கிறது. நம் கல்யாண டிவிடிகளில் எத்தனையோ, மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டு, இறுக்கமான பெட்டியில் படுக்கவைக்கப்பட்டு, எடுக்கும்போதெல்லாம் வளைக்கப்பட்டவை. ஒட்டிய ஸ்டிக்கரை இப்போது உரிக்கவும் கூடாது. உரித்தால் வட்டு சேதமடையலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, டிவிடியைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடையில் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கணினியே இல்லாத வீட்டுக்கு அதுதான் வழி, மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்த வேலையை வீட்டார் செய்வதற்கும் கடைக்காரர் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கடைக்காரருக்குப் பந்தி என்பது பந்தி. இலை போடுகிறார்கள், சாம்பார் ஊற்றுகிறார்கள், கேமரா வரிசையாக நகர்கிறது. சுருக்கித் தரச் சொன்னால் அவர் முதலில் வெட்டுவது அந்த இடத்தைத்தான். வீட்டாருக்கோ, அந்த வரிசையில் நான்காவது இலையில் தலைகுனிந்து சாப்பிடுகிறவர் அடுத்த வருடமே காலமாகிவிட்ட பெரியப்பா. அவர் அசைந்து நடமாடும் படம் வேறெங்கும் இல்லை. மூன்று விநாடி, கணக்குப் பார்த்தால் எழுபத்தைந்து ஃப்ரேம். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லக்கூடியவர் உறவு தெரிந்தவர் மட்டும்தான்.

வேறொரு காரணமும் உண்டு. கடைகளில் அவசரத்துக்கு மாற்றித் தரும் எம்பி4 கோப்புகளில் பலவும், டிவிடியில் இருந்த தரத்தையும் குறைத்துவிட்டவை. ‘எச்டி ஆக்கித் தருகிறோம்’ என்ற வாக்குறுதியை நம்பவே வேண்டாம். டிவிடியில் உள்ள படம் 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம். அதை 1920க்கு இழுத்தால் கோப்பு பெருக்கும், படத்தில் இல்லாத விவரம் வந்துவிடாது.

வேலையின் முதல் கட்டம் எளிது. வட்டைப் பஞ்சு போன்ற மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், அதில் விழும் கீறல் தகவல் தடத்தின் போக்கிலேயே ஓடும். லேசர் தொடர்ச்சியாக நெடுந்தூரம் தடுமாறும். குறுக்கே விழும் கீறலை டிவிடியின் பிழைதிருத்தும் ஏற்பாடு பெரும்பாலும் சமாளித்துவிடும். துடைத்த பிறகு வட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுக்க வேண்டும். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற பழைய இலவச மென்பொருளே இதற்குப் போதும். நல்ல நிலையில் இருக்கும் வட்டுக்குக் கால் மணி நேரம், கூடினால் அரை மணி நேரம். வழக்கமான வட்டு ஒன்றுக்கு 4.7 ஜிபிக்கு மேல் போகாது. பத்து வட்டு இருந்தாலும் 50 ஜிபிக்குள் அடங்கும். இன்றைய வன்தட்டுகளின் கொள்ளளவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. இடம் போதாது என்று சொல்லி மூலத்தை அழிக்க யாருக்கும் காரணம் இல்லை.

பழுதான வட்டுக்குத்தான் பொறுமை வேண்டும். சாதாரண முறையில் நகலெடுக்கும்போது, படிக்க முடியாத ஓர் இடம் வந்ததும் கணினி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு பிழை என்று சொல்லிக் கைவிட்டுவிடும். லினக்ஸில் இயங்கும் க்னூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி வேறு வழியில் போகிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கிறது. பிறகு திரும்பி வந்து அந்த இடங்களை மட்டும் மறுபடி மறுபடி முயல்கிறது. ஒரு டிரைவில் வராத இடம் இன்னொரு டிரைவில் வருவதுண்டு. அதே வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு டிரைவை மாற்றித் தொடரலாம்.

இதில் நம் குடும்பங்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. கல்யாண டிவிடி ஒரே பிரதியாக நின்றதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒன்று என்று ஸ்டுடியோவில் ஒரே மூலத்திலிருந்து நாலைந்து எழுதி வாங்குவது வழக்கம். நாலும் பழுதாகியிருந்தாலும் நாலும் ஒரே இடத்தில் பழுதாகியிருக்கும் வாய்ப்பு குறைவு. ஒன்றில் விட்டுப்போனதை மற்றொன்றிலிருந்து எடுத்து இட்டு நிரப்பி முழு வட்டை மீட்க டிடிரெஸ்க்யூவால் முடியும். வட்டுகள் அச்சு அசலாக ஒரே பிரதியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எனவே ‘எங்கள் டிவிடி போய்விட்டது’ என்று முடிவுகட்டுவதற்கு முன் சொந்தக்காரர்களுக்கு நாலு ஃபோன் போடுவது நல்லது.

ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த ஃபோன் இன்னும் முக்கியம். போரில் வீட்டோடு ஆல்பத்தையும் விட்டு வந்தவர்களுக்கு, டொரன்டோவுக்கோ லண்டனுக்கோ முன்பே அனுப்பிவைத்த பிரதிதான் எஞ்சியிருக்கக் கூடும். கனடாவில் எழுதிய டிவிடி என்டிஎஸ்சி முறையில் இருக்கும், விநாடிக்கு 30க்குச் சற்றுக் குறைவான ஃப்ரேம். இந்தியாவிலும் இலங்கையிலும் பிரிட்டனிலும் பால் முறை, விநாடிக்கு 25. பழைய டிவி சிலவற்றில் இதனால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்ததும் ஓடியதும் உண்டு. கணினிக்கு இரண்டும் ஒன்றே. மாற்றும்போது எந்த வேகத்தில் வந்ததோ அந்த வேகத்திலேயே விட வேண்டும். முப்பதை இருபத்தைந்தாக்கினால் நடக்கிறவர்கள் எல்லாரும் விட்டுவிட்டு நடப்பார்கள்.

கையடக்க கேமராவில் நேரடியாகப் பதிந்த எட்டு சென்டிமீட்டர் சின்ன வட்டுகள் தனி ரகம். ஒன்றின் கொள்ளளவு 1.4 ஜிபி, வழக்கமான தரத்தில் அரை மணி நேரப் படம். பதிந்து முடித்ததும் கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்ய வேண்டும். அதைச் செய்யாத வட்டைக் கணினியில் போட்டால் காலி வட்டு என்று காட்டி, எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று விண்டோஸ் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லக்கூடாது. மூடிவிட்டு, பழைய கேமரா வேலை செய்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்யலாம். கேமரா இல்லையென்றால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள் உள்ளே இருப்பதைப் படித்துவிடும். இவ்வட்டைத் தட்டு வெளியே வரும் டிரைவில்தான் வைக்க வேண்டும், வாயில் உறிஞ்சிக்கொள்ளும் டிரைவில் மாட்டிக்கொள்ளும்.

நகல் கையில் வந்த பிறகு உள்ளே பார்த்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற அடைவுக்குள் விஓபி என்ற பின்னொட்டோடு கோப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு ஜிபி. இவற்றைத் தனித்தனி வீடியோ என்று நினைத்து ஒவ்வொன்றாக மாற்றுகிறவர்கள் உண்டு. அவை ஒரே படத்தின் துண்டுகள். ஒரு கோப்பு ஒரு ஜிபியைத் தாண்டக் கூடாது என்ற டிவிடி விதியால் மட்டுமே அறுபட்டவை. தனித்தனியாக மாற்றினால் தாலி ஏறும் நேரத்தில் கெட்டிமேளம் ஒரு கோப்பில் தொடங்கி மறு கோப்பில் முடியும், நடுவே ஒரு வெட்டு விழும். மேக்எம்கேவி போன்ற மென்பொருள் இந்தத் துண்டுகளைச் சரியான வரிசையில் கோத்து, படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே ஒரே எம்கேவி கோப்பில் வைத்துத் தரும். தரத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. வீட்டில் பார்க்க இதுவே போதும். விஎல்சி பிளேயரில் ஓடும்.

டிவிக்கும் ஃபோனுக்கும் ஏற்ற சிறிய கோப்பு வேண்டும் என்றால்தான் எச்.264 முறைக்கு மாற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் பலருக்கும் பழக்கமானது. தர அளவை 18க்கும் 20க்கும் இடையில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்டுடியோக்காரர் ஏற்கெனவே ஒரு முறை கடுமையாகச் சுருக்கியிருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. அந்தக் காலத்து மினிடிவி டேப்பில் ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜிபி. இரண்டு மணி நேரத்தை 4.7 ஜிபி வட்டில் அடைத்தபோதே அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. வட்டுச் செலவை மிச்சப்படுத்த மூன்று மணி நேரத்தை ஒரே வட்டில் திணித்தவர்களும் உண்டு. பட்டுப்புடவையின் ஜரிகை குழம்பித் தெரிவது அதனால்தான். இனி சுருக்கும் ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். சுருக்கியதை வைத்துக்கொண்டு மறுபடி எடிட் செய்யாமல், எப்போதும் மூல நகலிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாற்றும்போது பெரும்பாலோர் கோட்டைவிடுவது இரண்டு இடங்களில். முதலாவது, டிவிடி படம் வரிவிட்டு வரி எடுக்கப்பட்டது. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில், விநாடிக்கு ஐம்பது அரைப்படங்கள். பழைய குண்டு டிவிக்கு இது பொருந்திப் போனது. கணினித் திரையில் அட்சதை போடும் கை அசையும்போது விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிவது இதனால்தான். டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் பயன்படுத்தி இதைச் சரிசெய்ய வேண்டும். அதிலும் ‘பாப்’ என்ற முறையைத் தேர்ந்து விநாடிக்கு ஐம்பது ஃப்ரேமாக எடுத்தால் அசைவு பழைய டிவியில் கண்டதுபோலவே வழுக்கிக்கொண்டு போகும். வழக்கமான முறையில் பாதி அசைவு தொலைந்துவிடும். நாதஸ்வர வித்வானின் விரலைப் பார்த்தால் இந்த வித்தியாசம் உடனே புலப்படும்.

இரண்டாவது, அகல உயர விகிதம். அந்தக் காலத்துப் படம் 4:3. இன்றைய டிவி 16:9. திரை நிரம்ப வேண்டும் என்று இழுத்தால் மணப்பெண் முதல் புரோகிதர் வரை எல்லாரும் தடித்துப் போவார்கள். இழுக்காமல் மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் மேடையில் பின்வரிசையில் நின்றவர்களின் தலை போய்விடும். குரூப் ஃபோட்டோ நேரத்தில் பின்வரிசையில் நிற்பவர்கள் யார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். குடும்பத்தின் உயரமான ஆண்கள், கூச்சப்பட்டு ஒதுங்கிய அத்தைகள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். படம் எடுத்த காலத்தின் வடிவம் அது.

செயற்கை நுண்ணறிவால் பழைய வீடியோவைத் தெளிவாக்கும் மென்பொருள்கள் இப்போது பரவலாகிவிட்டன. பாட்டி முகத்தைப் பளிச்சென்று காட்டுகின்றன. ஆனால் அந்தப் பளிச்சில் தெரிவது பாட்டியின் முகம் இல்லை. மங்கலான இருபது முப்பது புள்ளிகளை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான வேறு முகங்களில் கற்றதிலிருந்து மென்பொருள் ஊகித்து வரைந்த முகம். சுருக்கம் வழுவழுப்பாகிறது, பல் வரிசை நேராகிறது, மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு கறை மட்டும் நிற்கிறது. பாட்டியை நேரில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பேரனின் பிள்ளைக்குத் தெரியாது, அது அந்த வரைந்த முகத்தைப் பாட்டி என்று நம்பி வளரும். விளையாட்டுக்குச் செய்து பார்ப்பதில் தவறில்லை. மூலத்தை அழித்துவிட்டு அதை வைத்துக்கொள்வது பெருந்தவறு.

எடிட்டிங் என்றதும் பலருக்குத் தோன்றுவது இதயவடிவச் சட்டமும் பறக்கும் பூவும். அந்தக் காலத்து மிக்சிங்கில் அவை ஏற்கெனவே தாராளமாக வந்துவிட்டன. வீட்டில் செய்ய வேண்டிய எடிட்டிங் அடக்கமானது. தரையைப் பார்த்தபடி ஓடிய கேமரா, இரண்டு முறை வந்த ஒரே காட்சி, தொடக்கத்தில் ஐந்து நிமிடம் சுழலும் ஸ்டுடியோ விளம்பரம் இவற்றை நீக்கலாம். லாஸ்லெஸ்கட் போன்ற இலவச மென்பொருளில் மறுபடி சுருக்காமலே வெட்டலாம். டிவிடி படத்தில் முழு ஃப்ரேம் அரை விநாடிக்கு ஒரு முறைதான் வரும், இடையில் உள்ளவை முந்தையதிலிருந்து மாறியதை மட்டும் குறித்துவைத்தவை. ஆகவே வெட்டு நினைத்த இடத்திலிருந்து அரை விநாடி தள்ளி விழலாம். ஒரு சொல்லின் நடுவே வெட்டு விழாமல் கொஞ்சம் முன்னால் தொடங்கினால் சரியாகிவிடும்.

ஒலிதான் மனத்தை வருத்துவது. அந்தக் காலத்து மிக்சிங்கில் இயற்கையான சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போடுவது வழக்கமாக இருந்தது. படத்தில் தாத்தா மேடையேறி வாழ்த்துகிறார், வாய் அசைகிறது, கேட்பது டூயட். டிவிடியில் இல்லாத குரலை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. ஸ்டுடியோவில் மிக்சிங்குக்கு முந்தைய டேப் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பலர் டேப்பை அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி பயன்படுத்திவிட்டார்கள், ஆனால் சில பழைய ஸ்டுடியோக்களின் பரணில் இன்னும் மூட்டையாகக் கிடக்கின்றன. பாட்டு ஓய்ந்து உண்மைச் சத்தம் கேட்கும் இடங்கள் எந்த டிவிடியிலும் சில நிமிடங்களாவது இருக்கும். ஊஞ்சல், நலங்கு, சம்பந்திகள் பேசிக்கொள்வது. எதை வெட்டினாலும் அந்த இடங்களில் கைவைக்கக் கூடாது. இன்று கல்யாணம் எடுக்கிறவர்களிடம் குடும்பங்கள் கேட்டு வாங்க வேண்டியதும் இதுதான்: எடிட் செய்த படத்தோடு, எடிட் செய்யாத மூலக் கோப்புகள் முழுவதும்.

இந்த வேலையின் மிக மதிப்புள்ள பகுதிக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. வீட்டில் மூத்தவர் ஒருவரைத் திரை முன்னால் உட்காரவைத்து, படத்தை நிறுத்தி நிறுத்தி ‘இது யார்’ என்று கேட்க வேண்டும். மொய் எழுதுகிறவர் யார், முளைப்பாலிகை எடுத்து வருகிற சிறுமிகள் யார் யார், மணமகனுக்கு மெட்டி எடுத்துக் கொடுத்தது எந்த முறைக்காரர். கிடைத்த பெயர்களை எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பாக எழுதிவைக்கலாம். அது வெறும் எழுத்துக் கோப்பு: வரிசை எண் ஒரு வரி, நேரம் ஒரு வரி, பெயர் ஒரு வரி. நோட்பேடில் யுனிகோடு தமிழில் தட்டினால் போதும். படத்தின் மேல் எதுவும் நிரந்தரமாகப் பதியாது. வேண்டும்போது பெயர் தெரியும், வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். பின்னால் யாராவது திருத்திச் சொன்னால் ஒரே நிமிடத்தில் மாற்றலாம். எண்பது வயதுக்காரரின் நினைவில் மட்டும் இருக்கும் உறவுமுறை, வட்டின் சாயத்தைவிட வேகமாகக் கரையக் கூடியது.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஸ்டுடியோவில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. கடையில் வாங்கிய சினிமா டிவிடி வேறு விஷயம். பூட்டு போட்ட அந்த வட்டுகளின் பூட்டை உடைப்பது குறித்து 2012 திருத்தத்தில் 65ஏ என்ற தனிப் பிரிவே வந்திருக்கிறது. கல்யாண வீடியோவிலும் சினிமாப் பாட்டு கலந்திருப்பதால், யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளர் சார்பில் தானாகவே கோரிக்கை வந்து விழும்.

யூடியூபில் ஏற்றுவதற்கு முன் சட்டத்தைவிட முக்கியமான ஒன்றை யோசிக்க வேண்டும். பீரோவில் கல்யாண டிவிடியோடு மஞ்சள் நீராட்டு விழா டிவிடியும் இருக்கும். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஊரார் முன் மேடையில் உட்காரவைக்கப்பட்ட அந்தப் பெண் இன்று முப்பது, முப்பத்தைந்து வயது ஆள். அவரிடம் அன்று யாரும் கேட்கவில்லை. இன்றாவது கேட்க வேண்டும். நகலெடுத்ததும் முதல் பிரதி அவர் கையில் போக வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாமா, வேண்டாமா, யாருக்கும் காட்டாமல் எடுத்துவைப்பதா, அழிப்பதா என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்கே, எடுத்த செலவு யாருடையதாக இருந்தாலும்.

சேமிப்பில் நூலகத்தாரும் ஆவணக் காப்பாளர்களும் சொல்லும் கணக்கு எளிமையானது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வீட்டு வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, வெளியூர் உடன்பிறந்தார் வீட்டில் ஒன்று. பென்டிரைவ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஏற்றது, நெடுநாள் வைத்திருப்பதற்கு அல்ல. ஃபேட்32 முறையில் உள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதால் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். எல்லாம் முடிந்த பிறகும் பழைய வட்டுகளைத் தூக்கி எறியக் கூடாது. கோப்புகள் சரியாக ஓடுகின்றனவா என்று முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்த பிறகும்கூட.

கணினியும் டிரைவும் நேரமும் எல்லா வீட்டிலும் இருக்காது என்பது உண்மை. அதற்காகக் கடையை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. வாஷிங்டன் நகரப் பொது நூலகம் 2016இல் ‘மெமரி லேப்’ என்ற பெயரில் ஓர் அறையைத் திறந்தது. வீட்டு கேசட்டையும் ஃபிளாப்பியையும் எடுத்துவந்து பொதுமக்களே தங்கள் கையால் மாற்றிக்கொண்டு போகலாம், கட்டணம் இல்லை. நூலகர் சொல்லித் தருவார், செய்வது குடும்பத்தார். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கும் மாநிலத்தில் இதைச் செய்வது எட்டாத காரியம் இல்லை. மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு மேசை ஒதுக்கினால் போதும். ஒரு கணினி, வெவ்வேறு நிறுவனத்தின் இரண்டு டிவிடி டிரைவ், ஹெட்ஃபோன், இலவச மென்பொருள்கள், இரண்டு நாள் பயிற்சி பெற்ற ஒரு பணியாளர். மக்கள் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வரக்கூடியது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் அன்று அந்த மேசை திறந்திருக்க வேண்டும். டிரைவ் இன்னும் புதிதாகக் கிடைக்கும் இந்தச் சில ஆண்டுகளுக்குள், வரும் நிதியாண்டிலேயே பொது நூலகத் துறை இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.